எவரெஸ்டுக்கு வழி காட்டிய விமானப் படங்கள்

புதுதில்லி: பிகார் மாநிலம் பூர்ணியாவில் உள்ள விமானப் படைத் தளத்தில், பயணிகளுக்கான இடைக்கால முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 செப்டம்பரில் திறந்து வைத்தார். விமான வரலாற்றில் அந்த ஊரின் பெயர் பதிவாகி அப்போதே 92 ஆண்டுகள் கடந்திருந்தன. எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே முதன்முதலாகப் பறந்த விமானங்கள் புறப்பட்ட லால்பாலு திடல், பூர்ணியாவுக்கு அருகில்தான் உள்ளது.

1933 ஏப்ரல் 3-ம் தேதி காலையில் கிளைட்ஸ்டேல், மெக்கின்டயர் ஆகிய பிரிட்டிஷ் விமானிகள் இரு வெஸ்ட்லேண்ட் விமானங்களில் அங்கிருந்து கிளம்பினர். படம் எடுப்பதற்காக கர்னல் பிளாக்கரும், திரைப்பட ஒளிப்பதிவாளர் பானெட்டும் உடன் சென்றனர். பயணச் செலவை ஏற்றவர் லேடி ஹூஸ்டன் என்ற செல்வச் சீமாட்டி.

சிகரத்தை நெருங்கிய வேளையில் பானெட்டின் பிராணவாயுக் குழாய் கிழிந்தது. கைக்குட்டையால் அதைக் கட்டிய அவர் மயங்கிச் சரிந்தார். விமானம் கீழிறங்கத் தொடங்கிய பிறகே அவருக்கு நினைவு திரும்பியது.

தூசி மறைத்த மலை: நில அளவைக்குப் பயன்படும் வகையில் மலைப் பகுதியைச் செங்குத்தாகப் படம் பிடிப்பதே பயணத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் முதல் நாளில் எழுந்த தூசி மண்டலம் அடிவாரத்தை மறைத்துவிட்டது. பயணத்தை முடித்துக்கொள்ளுமாறு லண்டனிலிருந்து வந்த அறிவுறுத்தலையும் மீறி, ஏப்ரல் 19-ல் குழுவினர் மீண்டும் பறந்து தேவையான படங்களுடன் திரும்பினர்.

அந்தப் படங்கள் லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் காப்பகத்தைச் சென்றடைந்தன. பின்னர் பெரும்பாலோர் அவற்றை மறந்தே போயினர்.

மருத்துவரின் தேடல்: 1950-க்குப் பிறகு திபெத் வழி அடைபட்டது. நேபாளம் வழியாக எவரெஸ்டை அணுக முடியுமா என்பது ஐயமாக இருந்தது. 1951-ல் ராணுவ மருத்துவப் பணியில் இருந்த இளம் மருத்துவர் மைக்கேல் வார்டு, எவரும் பணிக்காமலேயே அந்தக் காப்பகத்தில் தேடத் தொடங்கினார். 1933-ம் ஆண்டுப் படங்களும், 1945, 1947-ல் போர் விமானிகள் முன் அனுமதியின்றிப் பறந்து எடுத்த படங்களும், வெளியிடப்படாத வரைபடம் ஒன்றும் அவருக்குக் கிடைத்தன. கும்பு பனியாறு வழியாக மேலேற வாய்ப்பு உண்டு என அவற்றிலிருந்து அவர் கணித்தார்.

அதே ஆண்டில் எரிக் ஷிப்டன் தலைமையில் சென்ற ஆய்வுக் குழு அதை நேரில் உறுதி செய்தது. அக்குழுவில் ஹில்லாரியும் இருந்தார். 1953 மே 29-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் சிகரம் தொட்டது இந்த வழியில்தான். அப்பயணத்தின் மருத்துவராக வார்டும் சென்றிருந்தார்.

சில நாள்களில், ஜூன் மாதம், இந்திய விமானப் படையின் லிபரேட்டர் விமானம் எவரெஸ்ட் பகுதியில் பறந்து படம் எடுத்தது. போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செப்பனிட்டுப் படையில் சேர்த்திருந்தது. அந்த ரக விமானம் ஒன்று தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

விமானம் அருங்காட்சியகத்தில் இடம் பெறலாம். படங்களின் நிலை அப்படியல்ல. 1993-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது ஆவணச் சட்டம் அரசு ஆவணங்களுக்கே பொருந்தும். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்த கொள்கைப்படி, 25 ஆண்டுகளைக் கடந்த போர் ஆவணங்கள் ஆய்வு செய்யப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும். ஓய்வு பெற்ற விமானிகள், பொறியாளர்களின் வீட்டு ஆல்பங்கள் இவ்விரண்டிலும் அடங்கா.

தன்னார்வலர்களின் பங்கு: இந்த இடைவெளியை நிரப்புவோர் ஊதியம் பெறாத விமான வரலாற்று ஆர்வலர்களே. பழைய படங்களைக் கேட்டு வாங்கி நகலெடுத்து, விவரம் எழுதுவது அவர்களது பணி. உடற்பகுதியில் உள்ள எண்ணைக் கொண்டு விமானத்தையும், சின்னத்தைக் கொண்டு காலத்தையும் கணிக்கின்றனர். அசோகச் சக்கரச் சின்னம் இருந்தால் படம் சுதந்திரத்தை அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்தது. மூவண்ண வட்டம் 1950-க்குப் பிந்தையது.

ஆனால் படத்தில் நிற்பவர் யார் என்பதை எந்தச் சின்னமும் சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களிடம் இப்போதே கேட்டு, பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் குறித்து வைப்பது குடும்பத்தினர் செய்யக் கூடிய எளிய உதவி. பின்னாளில் எந்தப் படம் யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே கூற முடியாது.