மூளையில் இரத்தக்குழாய்ச் சிக்கு

சிலருக்குத் தாய் வயிற்றில் வளரும்போதே மூளையின் இரத்தக்குழாய்கள் நூல்சிக்கு மாதிரிப் பின்னிக்கொள்கின்றன. இது தாயின் குற்றமல்ல, செய்வினையுமல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமில்லை.

இதயத்திலிருந்து வேகமாக வரும் இரத்தம், மயிர்போன்ற மெல்லிய குழாய்களில் வேகம் தணிந்துதான் நாளங்களுக்குப் போகவேணும். சிக்குள்ள இடத்தில் அந்த மெல்லிய குழாய்கள் இல்லை. முழு வேகமும் நாளத்தில் மோதும். அது வீங்கி ஒருநாள் வெடிக்கலாம். இப்படிப்பட்டவர்களில் வருடத்துக்கு 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு இரத்தம் கசிகிறது. இளவயதிலும் வரும்.

திடீரெனத் தாங்கமுடியாத தலையிடி, வலிப்பு, ஒருபக்கக் கைகால் விழுதல், பேச்சுக் குழறல் கண்டால், விடியட்டும் என்று லயத்தில் வைத்திருக்காதீங்க. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைங்க; கையில் இரும்பு கொடுக்க வேணாம். உடனே 1990க்குப் பேசுங்க. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.