சூளையில் எரிந்தவனின் மகன்

2003ஆம் ஆண்டு மே முதல் தேதி வெளியாகித் தமிழ்நாடெங்கும் ஆரவாரத்துடன் ஓடிய ‘சாமி’ என்ற படத்தின் பெயரையும், அதன் கதாநாயகரான விக்ரமையும், அதன் இயக்குநரான ஹரியையும், அதன் களமாகிய திருநெல்வேலியையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அப்படத்துக்கு உயிராக இருந்தது எதுவோ அதை மட்டும் எங்கேயோ தவறவிட்டுவிட்டு, 2018 செப்டம்பர் 21 அன்று ‘சாமி ஸ்கொயர்’ என்ற இரண்டாம் பாகம் வெளிவந்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் அதை நிராகரித்தார்கள். அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் செய்வது என் உத்தேசமன்று. படம் மட்டமானதுதான். ஆயினும் மட்டமான சிருஷ்டிகளில் சில, தம்மை ஆக்கியவர் அறியாமலே பெரிய விஷயம் ஒன்றைத் தட்டி எழுப்பிவிட்டு, பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பதுண்டு. இது அந்த வகையைச் சேர்ந்தது. இது எழுப்பிய விஷயமோ தாமிரபரணிக் கரைக்குச் சற்றும் அந்நியமானதன்று.

குற்றங்களை முதலில் சொல்லித் தீர்த்துவிடுவோம். இப்படத்தின் வாகனங்கள் புவியீர்ப்புக்குக் கட்டுப்படுவதில்லை. வசனங்கள் பேசப்படுவதில்லை, வீசி எறியப்படுகின்றன. முதற்படத்தில் திரிஷா ஏற்ற, கதாநாயகனின் மனைவியான புவனாவின் வேடம் இதில் ஐஸ்வர்யா ராஜேஷுக்குப் போய்விட்டது, அதுகூடப் பெரிதன்று. 2003இல் கல்யாணமான அந்தத் தம்பதிக்கு மறுவருஷமே பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொண்டாலும், படம் வெளியான ஆண்டில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அவனோ டில்லியில் வளர்ந்து, மத்திய மந்திரி ஒருவரிடம் உத்தியோகம் பார்த்து, அவர் மகளின் காதலையும் சம்பாதித்து, ஐ.பி.எஸ்.ஸும் தேறி, தகப்பன் அதிகாரம் செலுத்திய அதே ஊருக்கு அதிகாரியாக வந்து இறங்குகிறான். காலண்டரைக்கூட மதியாத கதையில் மற்ற நியாயங்களை எதிர்பார்ப்பானேன்!

முதற்படம் இத்தகையதன்று. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான ஹரிக்கு அது இரண்டாவது படம். தெற்கத்தி மனிதரின் வேகமும் பேச்சும் அவர் கைவசம் இருந்தன. கோட்டா சீனிவாச ராவ் நடித்த பெருமாள் பிச்சை ஊரையே மடியில் முடிந்து வைத்திருக்கும் பிரமுகன். போலீஸ் துணைக் கமிஷனராக விக்ரம் ஏற்ற ஆறுச்சாமி, முதலில் அவனுக்கு அனுசரணையாக நடப்பதுபோல் தோன்றி, பின்பு நிமிர்ந்து, முடிவில் நியாயஸ்தலத்தின்மேல் நம்பிக்கையில்லாமல் அவனைச் செங்கற்சூளைக்குக் கொண்டுபோய்க் கொன்று, உடலையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, ஆசாமி தலைமறைவாகிவிட்டான் என்று உலகத்தை நம்பச் செய்துவிடுகிறான். சர்க்கார் தேடிக்கொண்டே இருக்கும்; அகப்படமாட்டான். இந்த முடிவின் சாமர்த்தியத்தை யாரும் மறுக்க முடியாது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனும் அந்த ரகசியத்தில் பங்காளியாகி, கொலையை நேரில் கண்டும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படாத மனிதனின் நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சேருகிறான். செய்நேர்த்தி என்பது அதுதான். கேள்வி எழக்கூடிய இடத்தில் கைத்தட்டலை எழுப்பிவிடுவது.

இரண்டாம் பாகம் என்ன செய்தது? கற்பனை வளமுள்ள கதாசிரியன் புதிய வில்லன் ஒருவனைச் சிருஷ்டித்துக்கொண்டு பழைய கணக்கை அதோடு மூடியிருப்பான். புதுச் சரக்கு இல்லாதவனோ பழைய பிரேதத்தைத் தோண்டத்தான் வேண்டியிருக்கிறது. தலைமறைவானவனுடைய வீட்டில் பின்னர் என்ன நடந்தது என்று 15 ஆண்டுகளாக ஒரு ரசிகனும் கேட்டிராத கேள்வியை, கதைப் பஞ்சத்தின் காரணமாகவே இந்தப் படம் கேட்க நேர்ந்தது. பாபி சிம்ஹா நடித்த இராவணப் பிச்சை, காணாமற்போன தகப்பனைத் தேடிக்கொண்டு இலங்கையிலிருந்து வருகிறான்.

அவன் வருகிற அந்தக் கட்டத்தை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஏழு வருஷ காலம் ஒருவனைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு யாதொரு தகவலும் இல்லையானால், அவன் உயிரோடிருப்பதாகச் சொல்பவனே அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவன் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவில் விதித்தது. அந்த ஏழு வருஷமும் மனைவி தாலியோடு இருப்பதா இல்லையா, பங்காளிகள் பாகம் பிரிக்கலாமா கூடாதா, அமாவாசை வந்தால் பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா, இறைத்தால் உயிரோடிருக்கும் தகப்பனுக்கு அபசாரம் செய்தவனாவானா என்ற வேதனையெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். பெருமாள் பிச்சை துஷ்டன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறுச்சாமி தண்டித்தது அவன் ஒருவனை மட்டுமன்று. மரணத்தைச் செய்தவன் அதன் செய்தியையும் மறைத்துவிட்டால், தண்டனை வீட்டிலுள்ள ஒவ்வொருவர்மேலும் விடிகிறது. போலீஸ் மோதல்களில் நேரும் மரணங்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று வகுத்த 16 நெறிமுறைகளுள், இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குக் கூடிய விரைவில் அறிவிக்க வேண்டும் என்பதும் ஒன்று. அது வெறும் காகித ஆசாரமன்று என்பதை இந்தப் படம், தான் அறியாமலே, காட்டிவிடுகிறது.

ஆறுச்சாமியின் மகனுக்கு ராமன் என்றும் பெருமாள் பிச்சையின் மகனுக்கு இராவணன் என்றும் பெயர் வைத்தது பாமர உபாயம். யாரைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்கு மேல் அதில் ஆழம் ஒன்றும் உத்தேசிக்கப்பட்டிருக்காது. ஆனால் இதிகாசத்தின் பெயர்களை இரவல் வாங்கியவன் அதன் தர்மத்துக்கும் ஈடு சொல்ல வேண்டியவனாகிறான். இராவணன் விழுந்த பிற்பாடு அவனுக்கு ஈமக்கடன் செய்ய விபீஷணன் தயங்குகிறான். மரணத்தோடு பகை முடிந்துவிட்டது, அவன் உனக்கு எப்படியோ அப்படியே எனக்கும் என்று சொல்லி, சமஸ்காரத்தை முறைப்படி செய்விப்பவன் ராமனே என்கிறார் வால்மீகி. கிரேக்க நாட்டு சோபக்ளீஸும், துரோகியின் பிணத்தைப் புதைக்கக்கூடாது என்று ஆணையிட்ட மன்னனையும், அந்த ஆணையை மீறித் தமையனுக்கு மண் தூவிய ஆன்டிகனியையும் எதிரெதிரே நிறுத்தியே தம் நாடகத்தை அமைத்தார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பகைவனுக்குச் சிதையை மறுத்துச் சூளையைக் கொடுத்த ஆறுச்சாமி எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது சங்கடமான விஷயமாகிவிடுகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரனுக்கு இது பழகிய விஷயம். பிராமண குலத்தில் பிறந்து, சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போராடி மடிந்த முத்துப்பட்டனை, பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக இன்றும் கும்பிடுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்க் காட்டிலேயே தங்குகிறார்கள். அவன் கதைப்பாடலை அச்சில் ஏற்றியவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. இந்தப் பாடல்களின் உலகத்தில் அகாலமாகக் கொல்லப்பட்டவனை மறைத்துவிட முடியாது. அவன் பீடமும் படையலும் கேட்டுத் திரும்பி வருவான், கொன்றவர்களின் சந்ததியே பல ஊர்களில் அந்தப் படையலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நல்லவனா கெட்டவனா என்ற விசாரணை அங்கே இரண்டாம் பட்சம். முதற்படம் நகரத்துப் புத்தியால் இந்த விதியை ஏமாற்றிவிட்டுத் தப்பித்தது. இரண்டாம் படத்தில் விதி விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

வந்த பிறகு நடந்ததுதான் பரிதாபம். இராவணப் பிச்சை ஆறுச்சாமியைக் கொல்வதோடு நில்லாமல் நிறைமாதக் கர்ப்பிணியான புவனாவையும் கொன்றுவிடுகிறான். அந்த க்ஷணத்தோடு அவனுடைய வழக்கு தள்ளுபடியாகிவிடுகிறது. இனி ரசிகன் அவனை வெறுப்பதற்குக் கூச வேண்டியதில்லை. தகப்பனைத் தேடி வந்த மகனின் முறையீட்டைக் கேட்டுவிட்ட பயத்தில், இயக்குநர் அவசர அவசரமாக அவன் வாயில் அசுரப் பல்லைப் பொருத்திவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின் எஞ்சியிருப்பது துரத்தலும் அடிதடியுந்தான்.

இந்த ஊரில் இவையெல்லாம் வெறும் கொட்டகைச் சமாசாரமாக இருந்ததில்லை. ‘சாமி’ வெளியாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் கச்சேரியை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மேல் போலீஸார் தடியடி நடத்த, தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டும் பாய்ந்தும் 17 பேர் மாண்டார்கள். ஆற்றுப்பாலத்தைத் தினந்தோறும் கடந்து போனவர்கள்தாம், அதே ஊரைக் களமாகக் கொண்ட படத்தில் போலீஸ் அதிகாரி சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கொல்வதைக் கண்டு ஆர்ப்பரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெருமாள் பிச்சைகளிடம் பட்ட பாடு அப்படி. ஸ்டேஷனில் ஏட்டையாவுக்கு முன் கைகட்டி நின்றவனுக்கு, அந்த அதிகாரம் ஒரு நாளாவது தன் பக்கம் நின்று அடிப்பதைப் பார்க்க ஆசை இருக்கத்தான் செய்யும்.

2020 ஜூன் மாதத்தில், முன்பு திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்த சாத்தான்குளத்தில், போலீஸ் காவலில் வைத்து அடிக்கப்பட்ட தகப்பனும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பின் சில நாட்களுக்குள் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் அவர் தெரிவித்தார். ‘சாமி’ இரண்டும் ‘சிங்கம்’ மூன்றுமாகச் சேர்ந்து ஐந்து. தம் சொந்த நாயகன் செய்த கொலைக்குக் கணக்குக் கேட்க ஒருவனை அனுப்பி வைத்த படத்தையும் அவர் அந்த ஐந்தோடு ஐந்தாகவே சேர்த்து எண்ணியிருந்தார். படத்தை இனிப் பார்க்க நேருகிறவர்கள், இராவணப் பிச்சை தகப்பனை விசாரித்துக்கொண்டு வரும் பகுதியை மட்டும் பார்த்தால் போதும். மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.