"டீச்சர், நீங்களும் போயிருவீங்களா?"



2014 இல் என் நியமனக் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் எவர் முகத்திலும் சந்தோஷமில்லை. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசம். 'அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை'. "எப்படி மகள் தனிய இருப்பாய்?" என்று உம்மா அழுதார். "கொஞ்சக் காலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. பிறகு இடமாற்றம் எடுக்கலாம்" என்றார் வாப்பா. நானும் அந்த நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

அந்த மக்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்களில் அவர்களும் அடக்கம். புத்தளம், கல்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் காலம் கழித்தார்கள். 2009 இல் யுத்தம் முடிந்து திரும்பியபோது வயலும் வளவும் காடாகிக் கிடந்தன. அந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளே என் மாணவர்கள்.

ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்புகள். மூன்றாம் தரத்துக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, நான்காம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டும். முதல் நாளே ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நீங்களும் போயிருவீங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு முன் வந்தவர்கள் எத்தனை பேரை அந்தப் பிள்ளைகள் வழியனுப்பியிருப்பார்கள்!

அரிவிவெட்டுக் காலம் வந்ததும் அதே சிறுமியைக் காணவில்லை. இடாப்பில் எட்டு நாட்கள் வரவில்லை. வீடு தேடிப் போனேன். இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். "இவள் சின்னவனைப் பார்க்காட்டி நான் எப்படி வயலுக்குப் போறது டீச்சர்?" என்றார் தாய். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. "தம்பியையும் தூக்கிக்கொண்டு வரட்டும்" என்றேன். மறுநாள் முதல் என் மேசைக்குக் கீழே பாய் விரித்து அவன் தூங்கினான். அக்கா வாய்ப்பாடு சொன்னாள்.

இடமாற்ற விண்ணப்பத்தை ஒரு வருடம் பிந்தினேன். அந்த வகுப்பு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதட்டும் என்றுதான். அவள் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. ஆனால் ஐந்தோடு நின்றுவிடாமல் ஆறாம் தரத்துக்கு அடுத்த ஊர்ப் பாடசாலைக்குப் போனாள். அதுவே எனக்குப் போதும்.

சகோதரிகளே, ஒளிக்காமல் சொல்கிறேன்: கடைசியில் நானும் போய்விட்டேன். உம்மாவின் சுகவீனம் காரணம். விடைபெறும்போது அந்தப் பிள்ளைகள் அழவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது. அதுதான் இன்றும் என் நெஞ்சைச் சுடுகிறது.

அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களையும், 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாகத் தருகிறது. ஆனால் ஊரைவிட்டுப் போகாத ஓர் ஆசிரியையை எந்த அலுவலகமும் அனுப்பி வைக்க முடியாது. அவள் அந்த ஊரிலேயே பிறக்க வேண்டும். அந்த ஊர்த் தாய் அவளைப் படிக்க விட வேண்டும். என்னைப் போன்றவர்கள் வருவோம், போவோம். சொந்த மண்ணில் வீடும் வாசலும் உள்ளவளுக்கு இடமாற்றம் எதற்கு?

"பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்று உங்கள் வீட்டிலோ அயலிலோ யாரேனும் சொன்னால், இதைச் சொல்லுங்கள்: அவளை மறிப்பதால் நட்டம் அவளுக்கு மட்டுமல்ல, அவளிடம் படிக்கக் காத்திருக்கும் ஒரு வகுப்புக்கே நட்டம்.

அண்மையில் ஒரு தொலைபேசி அழைப்பு. அதே சிறுமிதான்! உயர்தரம் சித்தியடைந்து, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம்.

"எந்த ஊரில் படிப்பிக்க விருப்பம் மகள்?" என்று கேட்டேன்.

"இஞ்சதான் டீச்சர். நான் எங்க போறது?" என்றாள்.

அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலை அவள் சொல்லிவிட்டாள்.