பண்டத்தொகுதிப் பகுப்பாய்வும் வீடியோ விளையாட்டுப் பொறிகளும்

பல பண்டங்களை விற்கும் நிறுவனமொன்று அவற்றுள் எதற்கு முதலிடுவது, எதனைக் கைவிடுவது என்பது நிருவாகிகள் முன் என்றும் நிற்கும் வினாவாகும். இவ்வினாவுக்கு விடை காண எழுந்த கருவிகளுள் ஒன்று பண்டத்தொகுதிப் பகுப்பாய்வு. ஐக்கிய அமெரிக்காவிலே பொஸ்டன் ஆலோசனைக் குழுமத்தை நிறுவிய புரூஸ் ஹென்டர்சன் 1970 ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். இக்கருவியின் பயனும் எல்லையும் வீடியோ விளையாட்டுப் பொறிகளின் வணிகத்திலே நன்கு துலங்குகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுப்பாய்வு ஒவ்வொரு பண்டத்தையும் ஈரளவைகளால் அளக்கின்றது. ஒன்று, சந்தையின் வளர்ச்சி வீதம். மற்றையது, ஒப்புப் பங்கு. ஒரு பண்டத்தின் விற்பனையை அதன் மிகப் பெரிய போட்டிப் பண்டத்தின் விற்பனையால் வகுக்க வருவதே ஒப்புப் பங்கு. வளரும் சந்தையிற் பங்கு மிக்கது விண்மீன். பங்கு குறைந்தது வினாக்குறி. வளர்ச்சி தளர்ந்த சந்தையிற் பங்கு மிக்கது கறவைப் பசு. பங்கு குறைந்தது நாய். பசுவைக் கறந்து, தக்க வினாக்குறியை விண்மீனாக வளர்த்து, நாயை நீக்குக என்பதே இக்கொள்கையின் சாரம்.

இனி, உதாரணங்களை நோக்குவோம். யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 2001 இல் வெளியிட்ட கேம்கியூப் என்னும் வீட்டுப் பொறி ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் விலைபோயிற்று. சொனியின் பிளேஸ்டேசன் 2 பொறியோ 16 கோடியை எட்டியது. ஆயுட்கால விற்பனையைக் கொண்டு கணிப்பின், கேம்கியூபின் ஒப்புப் பங்கு 0.14 அளவினதே. செகா நிறுவனம் 1998 இல் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் ஒரு கோடியையும் எட்டாது, 2001 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பின் செகா, பிறர் பொறிகளுக்கு விளையாட்டுகளை ஆக்கும் நிறுவனமாயிற்று.

இரண்டும் பங்கு குறைந்தவையாக, ஒரு நிறுவனம் நீங்க, மற்றையது நிலைத்தது எவ்வாறு? பண்டத்தைத் தனித்து நோக்குவார்க்கு விடை புலப்படாது. தொகுதியை நோக்குவார்க்கே புலப்படும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நட்டமுற்றிருந்த செகாவிடம் கறத்தற்குப் பசு இல்லை. நின்டெண்டோவிடமோ 8 கோடிக்கு மேல் விற்ற கேம் போய் அட்வான்ஸ் என்னும் கையடக்கப் பொறி இருந்தது. 2004 இல் வந்த டிஎஸ் 15 கோடியே 40 இலட்சம் விற்றது. கையடக்கப் பொறிகளின் வருவாய், வீட்டுப் பொறித்துறையில் மீண்டும் முயல இடமளித்தது. 2006 இல் வெளிவந்த வீ 10 கோடியே 16 இலட்சம் விற்க, போட்டியாகிய பிளேஸ்டேசன் 3 ஏறத்தாழ 8 கோடியே 74 இலட்சமே விற்றது. ஒப்புப் பங்கு 0.14 இலிருந்து 1.16 ஆக உயர்ந்தது.

எனினும், இக்கருவிக்கு எல்லைகளும் உள. முதலாவது, பங்கு மிக்கவர் செலவிற் குறைந்து தம் முதன்மையை நெடிது காப்பர் என்பது இக்கொள்கையின் அடிப்படை. விளையாட்டுப் பொறிகளிலோ ஒவ்வொரு தலைமுறையிலும் போட்டி புதிதாகத் தொடங்குகின்றது. வீயின் வழிவந்த வீ யூ, 2012 இல் வெளிவந்து 1 கோடியே 36 இலட்சத்துடன் ஓய்ந்தது. இரண்டாவது, விற்ற பொறிகளின் தொகை இலாபத்தின் அளவன்று. பிளேஸ்டேசன் 3 தொடக்கத்தில் ஆக்கச் செலவிலும் குறைந்த விலைக்கே விற்கப்பட்டது. அவ்விழப்பை விளையாட்டுகளின் விற்பனை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது, சந்தையின் எல்லையை வகுப்பவர் ஆய்வாளரே. 2017 இல் வந்த சுவிட்ச், வீட்டிலும் கையிலும் இயங்கும் ஒரே பொறியாகி 15 கோடிக்கு மேல் விற்றது. அதனை எந்தச் சந்தையில் வைத்து அளப்பது? முன்னர் வகுத்த கோட்டை அழித்ததே அதன் வெற்றிக்கு ஒரு காரணமன்றோ!

எனவே, வணிகம் பயில்வோர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இப்பகுப்பாய்வு ஒரு பண்டம் இன்று நிற்கும் இடத்தைக் காட்டும்; நாளை செல்லும் இடத்தைக் காட்டாது. கேம்கியூபை மட்டும் கண்டு வீட்டுப் பொறித்துறையை நாயென விலக்கியிருப்பின், வீ பிறந்திராது. நாயெனப் பெயரிட்டு முதல் மறுக்கப்பட்ட பண்டம் நாயாகவே முடியும். அப்போது கணிப்புச் சரியாயிற்று என்று மகிழ்வதிற் பொருளில்லை.