நான்கு பிஸ்டன் என்றால் இரட்டிப்பு விசையா?

“சார், எங்கண்ணன் மோட்டாருக்கு நாலு பிஸ்டன் கேலிப்பர் மாத்தப் போறாரு. இப்ப ரெண்டு பிஸ்டன்தான் இருக்கு. இனிமே பிரேக் ரெண்டு மடங்கு பிடிக்குமா?”

படிவம் ஐந்து மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. விடை நம் பாடத்திலேயே இருக்கிறது.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிப்பதே கேலிப்பரின் வேலை. பிரேக் பிடியை இழுத்ததும் பிரேக் எண்ணெயில் அழுத்தம் உண்டாகிறது. பாஸ்கல் தத்துவப்படி அந்த அழுத்தம் எல்லாப் பிஸ்டன்களுக்கும் சமமாகச் செல்கிறது. பிஸ்டன்கள் பிரேக் பேடுகளைத் தட்டின்மீது அழுத்துகின்றன.

கப்சாய்களில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் கேலிப்பர். இதில் பிஸ்டன்கள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அவை தட்டைத் தள்ளும்போது, எதிர்விசையால் கேலிப்பரின் உடல் ஊசிகளின்மேல் நகர்ந்து மறுபக்கப் பேடையும் அழுத்துகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. நிலையான கேலிப்பரோ நகராது. அதில் இருபக்கமும் பிஸ்டன்கள் எதிரெதிராக இருக்கும்.

இப்போது கணக்கிடுவோம். எண்ணெய் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 நியூட்டன். ஒவ்வொரு பிஸ்டனின் பரப்பளவும் 7 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

மிதக்கும் கேலிப்பர் (2 பிஸ்டன்): 100 × 14 = 1,400 நியூட்டன். மறுபக்கம் எதிர்விசை 1,400 நியூட்டன்.

நிலையான கேலிப்பர் (பக்கத்திற்கு 2 பிஸ்டன்): ஒவ்வொரு பக்கமும் 1,400 நியூட்டன்.

இரண்டும் ஒன்றே!

அப்படியென்றால் பந்தய மோட்டார்களுக்கு நிலையான கேலிப்பர் எதற்கு? காரணம், நெகிழாத உறுதி. சிப்பாங் பந்தயத் தடத்தில் 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது கேலிப்பர் சிறிது வளைந்தாலும் பிடியில் துல்லியம் குறையும். பழைய முறையில் ஆணிகள் சக்கர அச்சுக்கு இணையாக, கேலிப்பரின் ஒரு விளிம்பில் மட்டும் முடுக்கப்படும். அதனால் கேலிப்பர் முறுக்கிக்கொள்ள இடமுண்டு. ரேடியல் முறையில் ஆணிகள் அச்சுக்குச் செங்குத்தாக, கேலிப்பரின் இருமுனைகளிலும் இறங்குகின்றன. 2004ஆம் ஆண்டு யமாஹா ஆர்1 மோட்டாரிலும் இம்முறை வந்தது. ‘மோனோபிளாக்’ வகை, இரு பாதிகளை ஆணியால் இணைக்காமல் ஒரே அலுமினியத் துண்டிலிருந்து செய்யப்படுகிறது. அதனால் அழுத்தத்தில் எளிதில் விரியாது.

மாணவரின் அண்ணனுக்கு ஒரு சொல். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பளவு மாறினால் பிடியை இழுக்கும் தூரமும் உணர்வும் மாறும்; மேலே உள்ள மாஸ்டர் பம்பும் அதற்குப் பொருந்த வேண்டும். எந்தக் கேலிப்பரானாலும், வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான். மழையில் வழுக்கும் தேய்ந்த டயரை எத்தனை பிஸ்டனும் காப்பாற்றாது.

முதலில் இருக்கும் பேடுகளைப் பாருங்கள். மிதக்கும் கேலிப்பரில் ஒரு பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், ஊசிகள் சிக்கியிருக்கலாம். புதிய கேலிப்பர் வாங்கும் முன், பட்டறையில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.