தொட்டியில் ஒரு மூங்கில்



வீட்டினுள்ளே தொட்டியில் மூங்கில் வளர்ப்பது எங்ஙனம் என்று சொல்லுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தனர். நான் தோட்டக்கலை வல்லுநன் அல்லேன். இரண்டு செடிகளைக் கெடுத்துப் பாடம் கற்றவன். அந்தத் தகுதியோடுதான் பேசுகிறேன்.

பள்ளிப் பணியினின்று நான் ஓய்வு பெற்ற நாளன்று, பழைய மாணவர் ஒருவர் கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று பசுந்தண்டுகளை நிறுத்திக் கொணர்ந்து, “அதிர்ஷ்ட மூங்கில், ஐயா” என்று கையில் கொடுத்தார். மூங்கிலுக்கு வெயில் வேண்டுமே என்று கருதி, அதனை மண்தொட்டிக்கு மாற்றி மொட்டைமாடியில் வைத்தேன். அது சித்திரை மாதம். பத்தே நாளில் இலைகள் வெளுத்துக் கருகின. கொடுத்தவர் மறுமுறை வரும்போது என்ன விடை சொல்வது என்ற கவலை என்னைப் பற்றிக்கொண்டது.

அதன் பிறகே நூல்களைப் புரட்டினேன். அச்செடி மூங்கிலே அன்று! தாவரவியலார் அதனை டிரசீனா சாண்டேரியானா என்பர். நடு ஆப்பிரிக்காவில், கேமரூன் முதலிய நாடுகளில், மரநிழலில் வளர்வது. பெயரிலுள்ள சாண்டர் என்பார், இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஆர்க்கிட் செடிகள் வளர்த்துப் புகழ்பெற்றவர். இன்றைய வகைப்பாட்டின்படி அது நம் தண்ணீர்விட்டான் கிழங்கிற்கு உறவு. மூங்கிலோ புல்லினம். புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுவதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். அந்த நானே, கையிலிருந்த தண்டில் ஒன்றை நறுக்கிப் பார்த்தேனில்லை. பார்த்திருந்தால், உள்ளே துளையின்றிச் சதைப்பற்று நிறைந்திருப்பது அன்றே தெரிந்திருக்கும்.

கருகாது எஞ்சிய நுனியொன்றை நான்கு விரல் நீளம் வெட்டி நீரில் நிறுத்தினேன். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர்விட்டது. அதற்கு நேர்வெயில் ஆகாது. சன்னலோரத்து ஒளி போதும். வேர் மூழ்குமளவு நீர் ஊற்றி, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். குளோரினும் புளூரைடும் மிகுந்த குழாய்நீரால் இலைநுனி பழுப்பேறும், மழைநீர் சிறந்தது. பூனையும் நாயும் அதைத் தின்றால் நோயுறும். ஆதலின் அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இம்முறை உண்மை மூங்கிலையே வளர்ப்போம் என்று ஒன்றை வாங்கி, புத்தக அலமாரிக்கு அருகே இருண்ட மூலையில் வைத்தேன். முதற்செடி கற்பித்த நிழற்பாடத்தை இதற்கும் பொருத்திவிட்டேன்! இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. அது பிழைக்கவில்லை.

உண்மை மூங்கில் உள்ளறைக்கு உரியதன்று. நாள்தோறும் சில மணி நேரமேனும் வெயில் புகும் தாழ்வாரமோ பலகணியோ அதற்கு வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். நீர் தேங்குதல் கூடாது. ஆகவே தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பாருங்கள். நீர் போதாதபோது இலைகள் நீளவாக்கில் சுருண்டு குறிப்புக் காட்டும். மூங்கில் முளை எந்தப் பருமனில் மண்ணைவிட்டு வெளிவருகிறதோ, ஏறக்குறைய அதே பருமனில்தான் நிற்கும். மரம்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. மெலிந்த தண்டைத் தடிக்கச் செய்யலாம் என்று எருவைக் கொட்டுவது வீண். ஆனால் மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டும் வேர்களும் தொட்டியை விரைவில் நிறைத்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடாவிடில் செடி சோர்ந்துபோகும்.

புத்தர் வயிற்று மூங்கில் என்றொரு வகை உண்டு. தரையில் நட்டால் நெடிதாய் நேரே ஓங்கும் அது, தொட்டியில் அடைபட்டு நீரும் குறைந்தால் கணுவிடைகள் குடம்போல் பருத்து நிற்கும். என் தாழ்வாரத்தில் இப்போது இருப்பது அதுதான். சென்ற ஆவணியில் அதன் தூரைப் பிரித்தபோது, அந்தப் பழைய மாணவரை வரவழைத்து ஒரு பாதியை அவரிடம் கொடுத்தேன். சன்னலோரத்தில் இருந்த டிரசீனாவையும் காட்டி, இரண்டின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.