பழைய பாரவண்டிகளை அடையாளங்கண்டு மீட்டல்

சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பங்காருபாளையம். மாங்காயும் வெல்லமும் ஏற்றிய லாரிகள் இவ்வூர் வழியே இடையறாது ஓடுகின்றன. ஊரைக் கடந்து மேற்கே சென்றால் மொகிலி மலைப்பாதையின் ஏற்றம் எதிர்ப்படும். பெட்ரோல் யந்திரம் பூட்டிய அந்நாளைய லாரிகளுக்கு இத்தகைய ஏற்றம் ஒரு கடும் சோதனையாகும். நீர்த்தொட்டி கொதித்து, வழியில் நின்று, நீர் வார்த்த பின்னரே மேலே ஏறும். அவ்வாறு உழைத்த வண்டிகளுள் எஞ்சியவை இன்று பழைய இரும்புக் கடைகளிலும், மண்டிகளின் பின்புறத்திலும், புளியமரத்தடிகளிலும் துருவேறிக் கிடக்கக் காண்கிறோம். எடைக்கு விலைபேசப்படும் முன் அவை இன்னவை என்று அறிந்துகொள்வது எப்படி?

இந்நாட்டு லாரிகளைப் பொறுத்தவரை ஓர் உண்மையை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும். மேனாடுகளில் முகப்பையும் ஓட்டுநர் அறையையும் பார்த்தே வண்டியின் பெயரையும் ஆண்டையும் கூறிவிடுவர். நம் நாட்டிலோ தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் அடிச்சட்டமும் யந்திரமும் முகப்புத் தகடுமே வெளிவந்தன. ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் நாமக்கல்லிலும் விஜயவாடாவிலும் பிற ஊர்களிலும் உள்ள தச்சரும் கொல்லரும் கட்டினர். பத்தாண்டுக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதும் வழக்கம். ஆகவே மேலே காணும் மரமும் தகடும் வண்ணமும் வண்டியின் வயதைச் சொல்லமாட்டா. குனிந்து அடியில் நோக்குபவனுக்கே உண்மை புலப்படும். அடிச்சட்டத்தில் பொறித்த எண், யந்திரத்தின் வார்ப்பில் உள்ள எண், முகப்புச் சுவரில் அறைந்த பித்தளை அல்லது அலுமினியத் தகடு, அச்சுக்களின் அமைப்பு ஆகியவையே சான்றுகள். அடிச்சட்ட எண்ணின் மேல் படிந்த துருவை உளி கொண்டு சுரண்டுதல் தவறு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துக்கள் தெளிவாகப் பதியும்.

மிகப் பழையனவாக நம்மிடையே எஞ்சக்கூடியவை இரண்டாம் உலகப் போரின்போது வந்து, போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட வண்டிகள். கனடாவில் செய்த போர்டு, செவ்ரோலே வண்டிகள் இவற்றுள் முக்கியமானவை. குட்டையான மூக்கு உடையவை. பிற்காலத்து வகையில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வெயில் கண்ணாடியிற் பட்டு மின்னுவதை வானத்திலிருந்து பகைவர் காணாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. போர்டாயின் எட்டு உருளைகள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். செவ்ரோலேயாயின் ஆறு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கும். ஓட்டுநர் அறை முழுவதும் அழிந்திருந்தாலும் இவ்வொரு குறிப்பினால் இரண்டையும் பிரித்தறியலாம்.

அடுத்தவை நாடு விடுதலை பெற்றபின் இங்கேயே உருவானவை. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு என்னும் பெயர் பெற்றது. அதன் 'காமெட்' லாரியைத் தென்னாட்டில் அறியாதார் இலர். ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாடா-மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி வெளிவந்தது. அதன் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. ஜெர்மானியக் கூட்டு 1969-இல் முடிவுற்றது. நட்சத்திரம் இருந்தால் அதற்கு முந்தியது என்று கூறிவிடுவது வழக்கம். ஆனால் முகப்புச் சின்னத்தை எவரும் கழற்றி மாட்டலாம் என்பதை மறக்கலாகாது. பம்பாயில் பிரீமியர் ஆலை டாட்ஜ், பார்கோ என்னும் இரு பெயர்களில் லாரிகளை விற்றது. பெயரிலன்றி இவ்விரண்டிற்கும் வேற்றுமை இல்லை எனலாம். இராணுவத்திலிருந்து ஏலத்திற்கு வந்த 'சக்திமான்' வண்டியோ ஜெர்மனியின் மான் கம்பெனியின் உரிமம் பெற்று ஜபல்பூரில் செய்யப்பட்டது.

பெட்ரோல் லாரிகள் பலவற்றில் பிற்காலத்தில் பெர்க்கின்ஸ் டீசல் யந்திரத்தை மாற்றிப் பொருத்தினர். அவ்யந்திரத்தைச் சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியார் ஐம்பதுகளில் செய்யத் தொடங்கினர். இத்தகைய வண்டியை மீட்கும்போது டீசல் யந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்த பெட்ரோல் யந்திரத்தைத் தேடி அலையவேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. அம்மாற்றமும் அந்த லாரியின் வரலாற்றில் ஒரு பகுதியே.

வாங்கத்தக்கதா என்பதை அடிச்சட்டமே முடிவு செய்கிறது. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்கும் நூல் பிடித்து அளக்கவேண்டும். தச்சர் கதவுச் சட்டத்தை அளக்கும் முறையே இது. இரு அளவுகளும் ஒவ்வாவிடில் சட்டம் முறுகியுள்ளது. தறையாணிகளைச் சுற்றி வெடிப்பு உண்டா, தகடுகளுக்கிடையே துரு புடைத்துள்ளதா என்றும் நோக்கவேண்டும். யந்திரம் இறுகியிருத்தல் பெருங்குறை அன்று. எண்ணெய் அளக்கும் குச்சியில் மோர் போன்ற வெண்மை தோன்றினால் எண்ணெயில் நீர் கலந்துள்ளது என்று பொருள், அது கவலைக்குரியது.

இறுகிய யந்திரத்தை வேறு லாரியிற் கட்டி இழுத்துச் சுழலச் செய்வது பலர் புரியும் பிழை. பிஸ்டன் உடையும், தண்டும் வளையும். உருளைகளின் தலைத் துளைகள் வழியே டீசலும் மசகெண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, நெம்புகோலால் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்தால் பெரும்பாலும் இளகிக் கொடுக்கும்.

உயிருக்கு ஆபத்தான இடம் சக்கரம். பழைய லாரிகளின் சக்கர வளையம் ஒரே துண்டு அன்று. டயரைப் பிடித்து நிறுத்துவது 'லாக் ரிங்' எனப்படும் பூட்டு வளையம். துருவினால் அது தன் பள்ளத்தில் சரியாக அமராதிருக்கும்போது காற்றடைத்தால் குண்டு போல் தெறித்து எதிரே இருப்பவரைக் கொல்லவும் கூடும். ஆதலால் நட்டுகளைத் தொடுமுன்னரே வால்வின் உட்கருவியைக் கழற்றி, இரட்டைச் சக்கரமாயின் உள்டயர், வெளிடயர் இரண்டிலும் காற்றை முழுவதும் வெளியேற்றவேண்டும். மீண்டும் காற்றடைக்கையில் சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வைத்து, நீண்ட குழாயினால், பக்கவாட்டில் விலகி நின்று அடைக்கவேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் சங்கிலி சுற்றி அடைப்பதைக் காண்கிறோம், கூண்டே மேலானது. இன்னொன்று: பல பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்மரை கொண்டவை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதனை அறியாது நீண்ட குழாய் செருகி நெம்பி ஆணிகளை முறித்தோர் பலர்.

பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசியைக் காற்றால் ஊதாமல் நீர் தெளித்துத் துடைத்தல் நலம். பழைய எண்ணெய்த் தொட்டியில் ஒருபோதும் நேரே வெல்டிங் தீயை வைக்கலாகாது. வறண்டதாகத் தோன்றும் தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும்.

உதிரி உறுப்புகளுக்கு நம் தென்னாடு நல்ல இடம். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கின்றன. பெங்களூரில் 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோ ஆலையின் டீசல் பம்புகள் எத்தனையோ லாரிகளில் ஓடியவையாதலால், அவற்றைச் செப்பனிடத் தெரிந்த கைகள் இன்றும் உள்ளன. பட்டைவில்லுக்கு வளைவேற்ற நல்ல கொல்லுலை போதும்.

பத்திரத்தைப் பற்றியும் கூறவேண்டும். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை சித்தூர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு முன் இங்குப் பதிவான லாரியின் பத்திரம் சென்னை அரசாங்கத்தினுடையதாகவே இருக்கும். அதனைப் போலி என்று ஒதுக்கவேண்டாம். 2021-இல் மத்திய அரசாங்கம் ஐம்பதாண்டு கடந்த பழைய வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறை வகுத்தது. அது வாணிகத்திற்கு உட்படாத இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்குமே உரியது. சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்தாண்டு கடந்த அரசாங்க வாகனங்களின் பதிவு நீங்கி, அவை உடைப்புச் சாலைக்கே அனுப்பப்படுகின்றன. பாதுகாப்புப் பணிக்கான சில சிறப்பு வண்டிகளுக்கே விலக்கு உண்டு. ஆகவே மீட்ட லாரியைச் சாலையில் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவும் தகுதிச் சான்றும் பெற்றே தீரவேண்டும். அடிச்சட்ட எண் பத்திரத்தோடு பொருந்தாவிடில், விலை எவ்வளவு மலிவாயினும், அவ்வண்டியை வாங்கலாகாது. எண்ணைப் புதிதாகப் பொறித்துத் தருவதாகச் சொல்லும் பட்டறையை விட்டு உடனே வெளியேறிவிடுங்கள்.